போர்ட்வெல்ட் நாரைப் படம்

முக்காலி என் தோளில். படம் விழுகிற கண்ணாடிப் பிளேட்டுப் பெட்டி என் தலையில். படப்பெட்டி அவர் கையில். அதை அவர் யாரிடமும் கொடுக்கமாட்டார். நானும் கேட்டதில்லை. இப்படித்தான் ஈப்போ ஸ்டேசனுக்கு நடந்தோம்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். படம் பிடித்துப் பிழைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது இது. சாமான் தூக்க ஆள் வைக்க வழியில்லை. அதனால் ஆள் நான்தான்.

அதற்கு முன்னால் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். அவருக்குப் புகைவீட்டில் வேலை. ரப்பர் தாளைத் தொங்கவிட்டுப் புகையில் காயவைக்கிற இடம் அது. உள்ளே போனால் பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரியாது. சில வருசத்தில் அவருக்கு இருமல் ஒட்டிக்கொண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் அவர் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம்தான் சொன்னார்.

"இவன அந்த வேலையில வைக்காத. இன்னும் கொஞ்ச நாளு புகையக் குடிச்சா நெஞ்சு தாங்காது."

அந்தச் சமயம் சின்ன துரை ஒருவர் சீமைக்குத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் படப்பெட்டி தூக்கிக்கொண்டு காடு மேடு அலைந்தது இவர்தான். தூக்கித் தூக்கியே வேலையைக் கற்றுக்கொண்டார். போகும்போது துரை பழைய பெட்டியை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதை நம்பி ஈப்போவுக்கு வந்தோம். ஒரு சீனத் தையல்கடையின் பின்னறையை வாடகைக்கு எடுத்தோம்.

பிழைப்பு ஓடவில்லை. சீனர்கள் சீனர் கடைக்குப் போனார்கள். நம்ம ஆள்கள் தீபாவளிக்கு ஒரு தரம், தைப்பூசத்துக்கு ஒரு தரம் வந்தார்கள். நடுவில் யாராவது செத்தால் கூப்பிட்டார்கள்.

பழைய தோட்டத்துக் கங்காணி எனக்கு மாமா முறை. ஈப்போ பாசாருக்குச் சாமான் வாங்க வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் வந்து நிற்பார். அப்போது ரப்பர் விலை ஏறியிருந்தது. ஆள் பற்றவில்லை.

"என்னா மாப்புள, இன்னைக்கு எத்தன பொணம் புடிச்ச?" என்பார்.

இவர் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார்.

"தீவாளி வரைக்கும் தோட்டத்துல ஒங்க லயத்து வீட்டப் பூட்டி வச்சிருப்பேன். அதுக்கு மேல முடியாது. புகைவீட்டுக்குத்தான் ஆளு வேணும். வந்தா வா. வராட்டி வேற ஆளப் போடுறேன்."

புகைவீடு என்றதும் நான் உள்ளே போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது. சும்மா ஊதிக்கொண்டிருப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வேலை வந்தது. கப்பல் ஆபீஸ் துரை ஒருவர். அவருக்குக் கடற்கரைப் படங்கள் வேண்டும். துறைமுகம், படகு, பறவை. ஆபீசில் மாட்டவும், கப்பலில் வருகிறவர்களுக்கு விற்கவும். போர்ட்வெல்ட் ஆற்றுமுகத்தில் நாரைகள் கூடு கட்டுகிற காலம் அது. காட்டுக்கு மேலே கூட்டமாய் அவை எழும்ப வேண்டும், அதைப் பிடித்து வா என்றார். அது சரியாக வந்தால் லுமுட், பங்கோர், தெலுக் ஆன்சன் என்று கரை முழுவதும் இவருக்கே வேலை. ஒரு வருசம் ஓடும். ஆனால் துரை தீபாவளிக்கு முன்னால் சீமைக்கு லீவில் போகிறார். அதற்குள் படம் கையில் இருக்க வேண்டும்.

இவர் வீட்டுக்கு வந்து ஊர்ப் பேர்களை அடுக்கினார். எனக்குப் பங்கோரும் தெரியாது, லுமுட்டும் தெரியாது. புகைவீடு இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

போவதற்கு முன்னால் ஆயுத பூசை வந்தது. தோட்டத்தில் அன்றைக்கு வெட்டுக் கத்திக்கு ஒரு பொட்டு வைப்போம். பால் வாளிக்கு இரண்டு பொட்டு. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. உள்ளே வைக்காவிட்டால் வாளி நிறையாது என்பார்கள். ஈப்போவுக்கு வந்த பிறகும் பூசையை விடவில்லை. படப்பெட்டிக்கு வெளியே மட்டும் வைப்போம்.

அந்த வருசம் இவர் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே கறுப்புத் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும், கொல்லன் துருத்தி மாதிரி. அதற்குள் விரலை விட்டுச் சந்தனத்தை அப்பினார்.

"உள்ள எதுக்குங்க?" என்றேன்.

"இதுவும் வாளிதான் புள்ள. உள்ள வச்சாத்தான் நெறையும்."

நான் அதன்மேல் குங்குமம் வைத்தேன். சூடம் காட்டினோம். கண்ணில் ஒற்றிக்கொண்டோம். அன்றைக்கு எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

ரயிலில் தைப்பிங் போய், அங்கிருந்து வேறு ரயில் மாறி போர்ட்வெல்ட் போனோம். அந்தத் தண்டவாளத்தில் வேலை செய்கிற நம்ம ஆள் ஒருவர் இவருக்குப் பழக்கம். ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் இவர் அவரைப் படம் பிடித்திருந்தார். அவர் ஸ்டேசனில் நின்றார். கையில் கொடி. வாயில் வெற்றிலை.

"வாங்கண்ணே. அட, அக்காவும் வந்துட்டாங்களா? துரைமாருங்க வண்டி மாடு வச்சு சாமான் ஏத்துவாங்க. நீங்க அக்காவ வச்சே முடிச்சிட்டீங்க லா!"

"மாட்டுக்குப் புல்லு வேணும் தம்பி. எனக்கு அதுவும் வேணாம்" என்றேன்.

அவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. என் தலையிலிருந்து பிளேட்டுப் பெட்டியை இறக்கிக் கீழே வைத்தார். அது ஒன்றுதான் அன்றைக்கு அவர் எனக்குச் செய்தது. போதும்.

போர்ட்வெல்ட் என்பது தண்ணீர்மேல் காலூன்றி நிற்கிற ஊர். பலகைதான் தெரு. மீன் காயும் நாற்றம், இறால் இடித்த பெலாச்சான் நாற்றம், கரி மூட்டைகள். முதல்நாள் துறைமுகத்தைப் பிடித்தார். படகிலிருந்து கரி இறக்குகிறவர்களை, வலை உலர்த்துகிறவர்களை, வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த தவுக்கே என்று கூப்பிடுகிற ஒரு சீன மீன் முதலாளியை. ஒவ்வொரு படத்துக்கும் நான் முக்காலியை விரித்தேன், மடக்கினேன், தூக்கினேன். பலகை இடுக்கில் முக்காலியின் கால் போய்விடாமல் என் பாதத்தை வைத்துத் தடுத்தேன்.

நாரைக்காடு ஆற்றுமுகத்துக்கு அப்பால். ஒரு சீனக் கிழவரின் சம்பான் படகில் போனோம். தண்டவாளத்துக்காரரும் லீவு சொல்லிவிட்டு வந்தார். கிழவர் பேசவே இல்லை. சதுப்பில் வளர்கிற பாக்காவ் மரங்கள் இரண்டு பக்கமும். வேர்கள் சேற்றில் நண்டுக்கால் மாதிரி ஊன்றியிருந்தன. மரத்தின் உச்சியில் நாரைகள். உடம்பு வெள்ளை, சிறகின் ஓரம் கறுப்பு, மூக்கு மஞ்சள். கூட்டில் குஞ்சுகள். எட்டுகிற தூரத்தில் இல்லை. அவ்வளவு தொலைவில் அவை வெள்ளைத் துணி காயப்போட்டது மாதிரி இருந்தன.

சம்பானில் முக்காலி நிற்காது. ஆட்டம். அதனால் தண்ணீர் வற்றும்வரை காத்திருந்தோம். வற்றியதும் சேறு வெளியே வந்தது. பலகையைப் போட்டு இறங்கினோம். பலகையைத் தாண்டிக் காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் போனது.

"மொதல இருக்குமா தம்பி?" என்று தண்டவாளத்துக்காரரைக் கேட்டேன்.

"அந்தப் பேர இங்க சொல்லக்கூடாதுக்கா. மலாய்க்காரங்க தாத்தான்னுவாங்க."

"சரி, தாத்தா இருப்பாரா?"

"இருப்பாரு. ஆனா அவருக்குக் கொழுப்புள்ள ஆளுதான் வேணும். அண்ணனப் பாத்தா பாவம்னு விட்டுருவாரு."

இவர் பெட்டியை முக்காலியில் ஏற்றினார். பின்பக்கத்தைத் திறந்து கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அப்போது சந்தன வாசம் வந்தது. அவ்வளவு சேற்று நாற்றத்திலும் வந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை முழுவதும் நாரைகள் உட்கார்ந்தே இருந்தன. உட்கார்ந்த நாரையை இரண்டு மூன்று பிளேட்டில் பிடித்தார். துரை கேட்டது உட்கார்ந்த நாரை இல்லை. முக்காலியின் கால்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. நான் குனிந்து மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாய் இடுப்பு மரத்துப்போனது. பால் வெட்டும்போதாவது மரத்துக்கு மரம் நடக்கலாம். இங்கே நடக்கவும் வழியில்லை. தலைக்கு மேலே அவர் இருமினார். பெட்டி ஆடுமே என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு இருமினார்.

கடைசியில் தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியது. கிழவர் கையைக் காட்டினார். போக வேண்டும் என்று அர்த்தம்.

"அண்ணே, நான் ஒண்ணு பண்றேன்" என்றார் தண்டவாளத்துக்காரர். சம்பானில் கிடந்த மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு வேரைப் பிடித்துப் பிடித்துக் காட்டுக்குப் பின்னால் போனார். ஆள் மறைந்துபோனார்.

"அசையாத புள்ள" என்றார் இவர்.

நான் அசையவில்லை. என் முகத்துக்கும் சேற்றுக்கும் நடுவில் ஒரு முழம்தான். சேற்றில் ஒரு மீன் கால் முளைத்த மாதிரி நடந்து போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகரச் சத்தம் கேட்டது. உடனே இன்னொரு சத்தம். லயத்திலிருந்து ஆற்றுக்குப் போன பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஈரச் சேலையை உதறின மாதிரி. தலையைத் தூக்கினால் முக்காலி அசையும். தூக்கவில்லை. மேலே 'க்ளிக்' என்றது. அவர் மூச்சை விட்டார்.

நான் நிமிர்ந்தபோது வானத்தில் ஒன்றும் இல்லை. கடல் பக்கம் போய்விட்டிருந்தன.

"வந்துச்சாங்க?"

"வந்துச்சு."

தண்டவாளத்துக்காரர் இடுப்பு வரைக்கும் சேறாய்த் திரும்பி வந்தார். "எப்புடி? ஆயிரம் இருக்கும்லா அண்ணே!" என்றார். மரத்துக்கு அடியில் இருந்தவர் அவர். இலையைத் தவிர வேறு எதையும் பார்த்திருக்கமாட்டார்.

ஈப்போவுக்கு வந்து, ஐஸ் வாங்கி மருந்துத் தண்ணீரைக் குளிரவைத்து, அறையின் இடுக்கையெல்லாம் சாக்கால் அடைத்துப் பிளேட்டுகளைக் கழுவினார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். நாரைப் பிளேட்டை முதலில் தாளில் எடுத்தார். கொண்டுவந்து என் கையில் வைத்தார். ஈரம் சொட்டியது.

கீழே கறுப்பாய்க் காடு. அதற்குமேல் வெளிறிய வானம். வெள்ளை நாரைதான், ஆனால் வானம் அதைவிட வெளிச்சம். அதனால் படத்தில் நாரைகள் கறுப்பாய் விழுந்திருந்தன. முன்னால் நாலு, சிறகு விரித்து. அதற்கப்பால் சின்னச் சின்னதாய் வானம் முழுவதும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவ்வளவு பறவை.

அன்றைக்குத்தான் அவர் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். "ஒரு வருசம் புள்ள" என்றார். நான் சாமி படத்துக்கு விளக்கு ஏற்றினேன்.

அப்புறம் மற்றப் பிளேட்டுகளை எடுத்தார். உள்ளே போனவர் வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். மீன் தவுக்கே படத்தை ஜன்னலுக்கு நேராய்ப் பிடித்துக்கொண்டிருந்தார். தவுக்கேயின் வெள்ளைச் சட்டையில் கறுப்புப் புள்ளிகள். கரிப் படகின் பாயில் புள்ளிகள். உட்கார்ந்த நாரைகளுக்கு மேலே, பறவையே இல்லாத வானத்திலும் புள்ளிகள்.

அவர் படப்பெட்டியைத் திறந்து, மடிப்பை விரித்துத் தட்டினார். மேசைமேல் மஞ்சளாய்ப் பொடி விழுந்தது. நடுவில் இரண்டு மூன்று சிவப்பு.

சந்தனம் காய்ந்து செதில் செதிலாய் உரிந்து, ரயிலிலும் சம்பானிலும் குலுங்கி, ஒவ்வொரு பிளேட்டின் மேலும் ஒட்டியிருக்கிறது. ஒட்டின இடத்தில் வெளிச்சம் படாது. படாத இடம் தாளில் கறுப்பாய் விழும்.

"வாளி நெறஞ்சிருச்சு" என்றார்.

மற்றப் படங்களைச் சரிபண்ணலாம். மெல்லிய தூரிகையால் பிளேட்டில் அந்த இடத்தில் மை வைத்தால் தாளில் புள்ளி மறையும். தவுக்கேயின் சட்டையை அப்படித்தான் வெளுத்தார். அது ஒரு வேலையே இல்லை. சட்டையில் பறவை இருக்காது.

நாரைப் படத்தில்தான் கை நின்றது. முன்னால் பறக்கிற நாலு நாரையைப் பற்றிச் சந்தேகம் இல்லை. அப்பால் இருக்கிற சின்னதுகளில் எது பறவை, எது சந்தனம்? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சிலது நீளமாய் இருந்தது. செதிலும் நீளமாய் இருக்கும். சிலது கோணலாய் இருந்தது. பறவையும் கோணலாய்ப் பறக்கும்.

"நீ பாத்தியா புள்ள? இந்தப் பக்கம் பறந்துச்சா?"

"நான் முக்காலியைப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"கொஞ்சம்கூடவா பாக்கல?"

"அசையாதன்னீங்க."

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அவர் பார்த்தது ஒரு கணம். கண்ணெல்லாம் முன்னால் பறந்த நாலில்தான் இருந்ததாம். பின்னால் நிறைய இருந்ததாம். எவ்வளவு நிறைய என்றால் தெரியவில்லை.

இரண்டு நாள் அந்தப் பிளேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பப் போகலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது. வெளிச்சம் இல்லை. துரை கப்பலேறும் நாளும் நெருங்கிவிட்டது.

"அப்புடியே குடுத்துருங்களேன்" என்றேன். "துரைக்கு என்னா தெரியப்போவுது? அவர் கேட்டது கூட்டம். இதுல கூட்டம் இருக்கு."

"பாதி சந்தனம்."

"சாமிக்கு வச்ச சந்தனந்தானே. சாமி குடுத்ததுன்னு வச்சிக்கிங்க."

"பறவைன்னு சொல்லி பூசைப்பொடிய விக்கச் சொல்றியா?"

"புகைவீட்டுக்குப் போவச் சொல்லல" என்றேன். அதுவரைக்கும் நான் அவரிடம் குரல் ஏற்றியதில்லை. டிரசர் என்னிடம் சொன்னதை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் இருமினார். அப்புறம் தூரிகையை மையில் தொட்டார்.

சந்தேகம் உள்ளது எல்லாவற்றையும் மூடினார். ஒவ்வொன்றாய். பறவையும் போயிருக்கும், செதிலும் போயிருக்கும். கடைசியில் வானத்தில் நாலு நாரை நின்றன.

துரை படங்களை மேசையில் பரப்பினார். நான் ஆபீஸ் வாசலில் நின்றேன், முக்காலியோடு. அங்கேயும் ஏதாவது பிடிக்கச் சொன்னால் வேண்டுமே என்று கொண்டு போயிருந்தோம். தவுக்கே படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கரிப் படகைப் பார்த்துத் தலையாட்டினார். நாரைப் படத்தைக் கையில் எடுத்தார். திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தார்.

"மானா பூரோங்?" என்று மலாயில் கேட்டார். பறவை எங்கே என்று.

இவர் நாலையும் விரலால் காட்டினார்.

துரை சத்தம் போடவில்லை. கூட்டம் கேட்டேனே என்றார். துறைமுகப் படங்களை எடுத்துக்கொண்டார், அதற்கு உள்ளதைக் கொடுத்தார். நாரைப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். கரை வேலையைப் பினாங்கிலிருந்து வருகிற வேறொரு ஆளிடம் கொடுப்பதாய்ச் சொன்னார். அவ்வளவுதான்.

வெளியே வந்து இரண்டு பேரும் நடந்தோம். பாதித் தூரத்தில் அவர் முக்காலியை என் தோளிலிருந்து எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு முன்னால் தோட்டத்துக்குத் திரும்பினோம். கங்காணி லயத்து வாசலில் சாவியோடு நின்றார்.

"வா மாப்புள. பொணம் புடிச்சது போதும். நாளைக்குக் காலையில பிரட்டுக்கு வந்து பேர் குடுத்துரு. புகைவீட்டுல ஒன் எடம் அப்புடியே கெடக்கு."

நான் சாமானை இறக்கவில்லை. தலையில் பெட்டியோடேயே சொன்னேன்.

"மாமா, அவர புல்வெட்டுல போடுங்க. புகைவீடு வேணாம்."

"புல்வெட்டா? அது பொம்பளைங்க வேலைம்மா. கெழவனுங்க வேலை. கூலியும் கொறச்சல்."

"கொறச்சலாவே இருக்கட்டும். இல்லன்னா இப்பவே திரும்பிப் போறோம். நான் இன்னும் எறக்கல, பாத்துக்குங்க."

கங்காணி என்னைப் பார்த்தார், தலையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அவருக்குப் பால் வெட்டவும் ஆள் வேண்டும். என் கை சுத்தமான கை, மரத்தைக் காயப்படுத்தாது. அது அவருக்குத் தெரியும். "சரிம்மா. ஒன் பாடு" என்றார்.

வீட்டுக்காரர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. புல்வெட்டுப் பெண்கள் அவரை விடவில்லை. "வா தங்கச்சி, நம்ம வரிசைக்கு வா" என்று கூப்பிட்டார்களாம். இரண்டாம் வாரம் அவரே அதைச் சொல்லிச் சிரித்தார். இருமல் முழுவதும் போகவில்லை. ஏறவும் இல்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

படப்பெட்டி கட்டிலுக்குக் கீழே. அடுத்த ஆயுத பூசைக்கு அதை வெளியே எடுத்து வைத்தார். நான் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். பெட்டிப் பக்கம் கை போகவில்லை. முக்காலியின் காலுக்கு ஒரு பொட்டு வைத்தேன். சேற்றில் நின்றது அதுதான்.

முதல் முதலில் ஈரம் சொட்டச் சொட்ட என் கையில் வைத்தாரே, மை வைக்காத படம், அது லயத்துச் சுவரில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நிற்பார்கள். "அடேங்கப்பா, இம்புட்டுக் கொக்கா!" என்பார்கள். நாரை என்று திருத்துவேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விரலை வைத்து எண்ணும். ஒருத்தருக்கும் கணக்கு ஒத்துவராது. அவரிடம் போய்க் கேட்கும். அவர் என்னைக் காட்டிவிடுவார்.

"நீங்க நேருல பாத்தீங்களா அக்கா? நெசமா இம்புட்டு இருந்துச்சா?"

பார்க்கவில்லை என்பேன். சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் மட்டும் கேட்டேன். சத்தம் நிறைய இருந்தது.